சட்டம் போட்ட கோபம்

மாமிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். எழுதுவார். அதனால் அவரை நினைத்தால் முகத்துக்கு முன்பே எனக்கு அவரது வலக்கை நடுவிரல்தான் ஞாபகம் வரும். நகத்தோரம் எப்போதும் கறுத்திருக்கும். அரிசியைக் கருக வறுத்து அவரே காய்ச்சும் மை. எழுதும் மூங்கில் கலத்தைத் தலையை மூடும் முட்டாக்கின் முனையில் துடைத்துத் துடைத்து, வெள்ளை முட்டாக்கின் ஓரம் முழுக்க ஒரே கறுப்பு. விருந்துக்குப் போனாலும் அந்தக் கறுப்போடுதான் போவார். யாராவது பார்த்தால் இன்னும் நன்றாக இழுத்து விட்டுக்கொள்வார்.

மாமி என்றால் வாப்பாவின் மூத்த சகோதரி. கணவர் மௌத்தாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. கண்டி நகரத்தின் கட்டுக்கலைப் பக்கம் எங்கள் வீடு. அதற்கு மேலே நாற்பது படி ஏறினால் மாமி வீடு. அவர் எழுதுவது எங்கள் பெண்கள் எல்லாரும் எழுதிய எழுத்து: பேச்சு தமிழ், எழுத்து அரபு. வலமிருந்து இடமாக, நம் வீட்டுத் தமிழே அரபு எழுத்தில் ஓடும். தமிழ் எழுத்தில் ஒரு அட்சரம் மாமிக்குத் தெரியாது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

மீன்காரருக்குக்கூட எழுதுவார். எந்த எழுத்தும் தெரியாத அந்த மனிதர் கடதாசியைக் கூடைக்குள் இருந்து எடுத்துக்கொண்டு நாற்பது படி இறங்கி எங்கள் உம்மாவிடம் வருவார். உம்மா கதவுத் திரைக்குப் பின்னால் நின்று வாசிப்பார்: "நேத்து நீ தந்த மீன்ட கண்ணு என்ட கண்ண விடச் சிவப்பு. இனி இப்பிடி நடக்கப்படாது." மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு, "மேலேயே செல்லீக்கலாமே!" என்பார். மாமியிடம் கேட்டால் ஒரே பதில்தான். "எழுதிட்டேன். இனி அவன்ட பாடு."

எனக்கு ஏழு வயதில் கடும் காய்ச்சல். மாமி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சலுக்கே ஒரு கடிதம் எழுதித் தலையணைக்கடியில் வைத்தார். "நீ வந்து நாலு நாள். வந்த வீட்டில் மூணு நாளைக்கு மேலே தங்குறது மரியாதை இல்ல. போ." மறுநாள் வியர்த்து விட்டது. மாமிக்குக் கொஞ்சமும் ஆச்சரியம் இல்லை. எனக்குத்தான் நாவூற வைக்கும் கஞ்சியைக் குடிக்கக்கூட மறந்துபோகும் அளவுக்குச் சந்தோஷம். ஒரு காய்ச்சல் என் மாமிக்குப் பயந்து ஓடியிருக்கிறதே!

ஆனால் ஊரின் கணக்கில் இந்த மாமிக்கு எழுத்து வாசனை கிடையாது. அதையும் நானே பார்த்தேன். ஒரு நாள் வீட்டுக்கு வீடு ஆள் கணக்கெடுக்க உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். வாசலில் கதிரை போட்டு வாப்பா உட்கார வைத்தார். ஆண்களுக்கு எழுத வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார், தெரியும் என்றார் வாப்பா. பெண்களுக்கு? வாப்பா யோசிக்கவே இல்லை. "இல்ல." அன்று மாமி எங்கள் வீட்டில் இருந்தார். திரைக்குப் பின்னால் கலம் கீறும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் திரையிடுக்கால் ஒரு கை, அந்தக் கறுத்த விரலோடு, ஒரு துண்டுக் கடதாசியை நீட்டியது. உத்தியோகத்தர் வாங்கினார். நேராகப் பிடித்தார், பக்கவாட்டில் பிடித்தார், தலைகீழாகப் பிடித்தார். பிறகு அதை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாமியையும் சேர்த்து எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் எதிரே 'தெரியாது' என்று போட்டார். அவருக்கு வாசிக்கத் தெரியாததற்கு மாமிக்குத் தெரியாது என்று எழுதிவிட்டுப் போனார்!

"என்ன எழுதின ராத்தா?" என்று உம்மா கேட்டார். அக்காவைத்தான் எங்கள் பக்கம் ராத்தா என்போம்.

"தெரியும்ண்டு எழுதினேன்" என்றார் மாமி.

வாப்பாவும் மாமியும் சிறுவயதில் ஒரே பாயில் உட்கார்ந்து தங்கள் வாப்பாவிடம் ஓதியவர்கள். ஒன்பது வயதில் வாப்பா பாதியில் எழும்பிக் கம்பளையில் ஒரு கடைக்கு வேலைக்கு ஓடிவிட்டார். அங்கே தமிழ் எழுத்துப் பழகினார். பிற்பாடு கண்டியில் சொந்தமாக உடுத்தும் சாரம், பூப்போட்ட சீத்தைத் துணி விற்கும் கடை போட்டார். தொழுகைக்கு வேண்டியதெல்லாம் மனப்பாடம். ஆனால் கையால் எழுதிய அந்த அரபு எழுத்தை வாசிக்கச் சொன்னால் அவருக்கு வராது. இது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். யாராவது அப்படி ஒரு கடிதத்தை நீட்டினால், "கண்ணாடி கடைல ஈக்கி" என்பார். கடையில் நீட்டினால் கண்ணாடி வீட்டில் இருக்கும்.

இனி என் கதைக்கு வருகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். தேயிலைக்கு விலை விழுந்து, தோட்டத்துச் சனம் துணி வாங்குவது குறைந்திருந்த காலம். வாப்பா மாமியிடம், "ராத்தா, கடைக்கு ஒரு இஸ்மு எழுதித் தாங்கொ" என்று கேட்டிருந்தார். இறையருளான பரக்கத் வேண்டிச் சுவரில் மாட்டும் திருவெழுத்தைத்தான் எங்கள் பக்கம் இஸ்மு என்போம். மாமியும் சரி என்றிருந்தார். அந்த வாரமே எனக்குப் பன்னிரண்டு வயது நிறைந்தது. என் சின்னத் தம்பிக்குப் பள்ளிக்கூடம் போகக் காலுக்குச் சப்பாத்து வாங்கிய வாப்பா, திரை கட்டிய ரிக்ஷாவில் என்னைப் பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறவரிடம் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்க ஒன்றும் இல்லை. வயது நிறைந்தால் பெண்பிள்ளை வீட்டில்தான். என் வயதுப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் நின்றார்கள். நான் மட்டும் அழுதேன். வகுப்பில் முதலாம் பிள்ளை நான்; உலகப் படத்தில் ஆறுகளை நீலத்தால் தீட்டிக்கொண்டு வந்தேன், பாதிதான் முடிந்திருந்தது. அந்த மீதி ஆறுகளை நினைத்து நினைத்து அழுதேன்.

உம்மா படியேறிப் போய் மாமியிடம் சொன்னார். கேட்டதும் மாமி கலத்தைச் சீவத் தொடங்கினாராம். மறுநாள் விடியற்காலையில் கடைத்தெருப் பக்கம் ஆப்பம் விற்கப் போகிற பெண்ணிடம் நாலாக மடித்த கடிதத்தைக் கொடுத்து, "தம்பிட கைல குடு" என்று அனுப்பினார்.

வாப்பா கடை திறந்துகொண்டிருந்தார். ஆப்பக்காரி, "ஒங்க ராத்தா குடுத்தாங்க" என்று நீட்டினாள். விரித்துப் பார்த்தார். மேலே இறைவன் பெயர் சொல்லும் பிஸ்மில்லாஹ், அது அவருக்குத் தெரியும். கீழே கண்ணுக்குக் குளிர்ச்சியாக, வரி பிசகாமல் எழுத்து. வாப்பா மகிழ்ந்துபோனார். கேட்டு ஒரு கிழமைக்குள் எழுதி அனுப்பிவிட்டாரே ராத்தா! முத்தமிட்டார், கண்ணில் ஒற்றினார். அன்றே தங்க விளிம்பு வைத்த சட்டம் போட்டு, கண்ணாடி அடித்து, கல்லாவுக்கு மேலே மாட்டினார்.

என் படிப்பை நிறுத்தியதற்காக அவரைக் கிழி கிழி என்று கிழித்து எழுதிய கடிதம் அது. பதில் எழுதும்வரை உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று முடித்திருந்தார் மாமி. அதைத்தான் வாப்பா தினமும் காலையில் முத்தமிட்டுவிட்டு வியாபாரத்தைத் தொடங்கினார்! கடைக்கு வந்தவர்களும் கையால் தொட்டு முகத்தில் தடவிக்கொண்டார்கள். அவர்களில் சிலருக்கு வாசிக்கத் தெரிந்திருக்கலாம். ஆனால் திருவெழுத்தை யார் எழுத்துக்கூட்டிப் பார்க்கிறார்கள்? அதை ஓடியோடி வாசிக்கக்கூடியவர்கள் எங்கள் வீட்டுப் பெண்கள். எங்களில் ஒருத்திகூட அந்தக் கடைக்குள் காலெடுத்து வைத்ததில்லை.

மாமி பதிலுக்குக் காத்திருந்தார். பத்து நாள் ஆயிற்று. உம்மாவைக் கேட்கச் சொல்லி அனுப்பினார். உம்மா சோறு போடும்போது மெதுவாக, "ராத்தாட கடதாசிக்குப் பதில் எழுதினீங்களா?" என்றார்.

"அதுக்கு என்ன பதில்? மாட்டியாச்சி" என்றார் வாப்பா, வாயில் சோற்றோடு.

உம்மா அதை அப்படியே மேலே கொண்டுபோனார். கடைகளில் ஒரு வளைந்த கம்பி தொங்கும், முடிந்துபோன துண்டுகளையெல்லாம் அதில் குத்தி மாட்டுவார்கள். மாமிக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "கம்பில குத்திட்டானா! என்ட கடதாசிய கம்பில குத்திட்டானா!" என்று எழுந்து நின்றுவிட்டாராம். அவர் வாயால் கத்தி உம்மா கேட்டது அன்றைக்குத்தான்.

அதோடு மாமி இறங்கி வருவது நின்றது. பெருநாள் வந்தது, மாமி வரவில்லை. வாப்பா ஒரு சட்டி நிறைய வட்டிலப்பம் கொடுத்தனுப்பினார். திறக்காமலே திரும்பி வந்தது. வாப்பா அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் என்னத்தச் செஞ்ச?" என்று உம்மாவிடம் கேட்டார். உம்மாவோ, கடிதத்தை யாரிடமாவது கொடுத்து வாசிக்கக் கேட்டிருப்பார், வேண்டுமென்றே தெரியாதவர் போல நடிக்கிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாப்பாவும் மாமியிடம் போய்க் கேட்கவில்லை. வீம்பில் அக்காவும் தம்பியும் ஒரே அச்சு. எனக்கு வீடே இருட்டாகிவிட்டது. பள்ளிக்கூடமும் போனது, மாமியும் போனார். காலையில் சின்னப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ரிக்ஷா மணியடித்துக்கொண்டு போகும்போது நான் அரிசியில் கல் பொறுக்குவதுபோல் குனிந்துகொள்வேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. பிறகு நடந்ததை வாப்பா பிற்காலத்தில் ஒவ்வொரு பெருநாளும் எல்லாருடைய குரலிலும் நடித்துக் காட்டுவார். கேட்டுக் கேட்டு எனக்கு நான் அங்கே நின்றதுபோலவே இருக்கிறது.

காயல்பட்டினத்திலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை வரும் இரத்தினக் கல் வியாபாரி ஒருவர் கடைக்கு வந்து உட்கார்ந்தார். ஹுன்னஸ்கிரியத் தோட்டத்திலிருந்து ஒரு கங்காணி, சீத்தைத் துணி பார்த்துக்கொண்டு நின்றார். கல் வியாபாரியின் ஊரில் இந்த எழுத்து ஆணுக்கும் பெண்ணுக்கும் தண்ணீர்பட்ட பாடு. தேநீரைக் குடித்துக்கொண்டே சட்டத்தை நிமிர்ந்து பார்த்தவர், கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து கிட்டப் போனார். உதடு அசைந்தது.

"மொதலாளி, இது எத்தனை நாளா இங்க தொங்குது?"

"ரெண்டு மாசம். என்ட ராத்தா எழுதின இஸ்மு" என்றார் வாப்பா பெருமையாக. "மாட்டினதுல இருந்து யாவாரம் கொஞ்சம் நல்லம்."

"இதுல ஒங்கள கழுதைன்னு எழுதியிருக்கே!"

வாப்பா சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "வாசிங்கொ" என்றார்.

அந்த மனிதர் நல்ல குரலில் வாசித்தார். கடைசி வரிவரை வாசித்தார். கங்காணிதான் முதலில் வாயைத் திறந்தார். "அய்யய்யோ, போன மாசம் சாமி எழுத்துன்னு தொட்டுக் கும்புட்டேனுங்களே! ஆனா மொதலாளி, தப்பா நெனைக்காதீங்க, அந்தம்மா கேக்குறது ஞாயந்தானுங்க."

வாப்பா கதிரையில் ஏறிச் சட்டத்தைக் கழற்றினார். பட்டப்பகலில், வாடிக்கைக்காரர் நிற்க, கடைப்பலகையை அடைத்தார். அன்றைக்கென்று கண்டி மழை கொட்டிக்கொண்டிருந்தது. சட்டத்தை மேற்சட்டைக்குள் வைத்துக்கொண்டு நனைந்தபடி வீட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். "முட்டாக்கப் போடு. மாமிட ஊட்டுக்குப் போவோம்."

பாதிப் படியில், ஒரே குடைக்குக் கீழே நின்று, வாப்பா சட்டத்தை வெளியே எடுத்தார்.

"இத வாசிக்க ஏலுமா உனக்கு?"

கண்ணாடி முழுக்க உதட்டுத் தடம், விரல் தடம். உள்ளே மாமியின் எழுத்து! சத்தமாக வாசித்தேன். "தம்பிக்கு ராத்தா எழுதிக்கொள்வது. பிள்ளைட பள்ளிக்கூடத்த நிப்பாட்டினது பெரிய தப்பு. மகனுக்குச் சப்பாத்து வாங்கின, மகளுக்குக் கதவச் சாத்தின. இது எந்தக் கிதாபுல ஈக்கி, எனக்குக் காட்டு. நம்மட வாப்பா ரெண்டு பேருக்கும் ஒரே பாயிலதான் ஓதித் தந்த. பாதில எழும்பி ஓடின..." அங்கே நின்றுவிட்டேன்.

"கழுதை" என்றார் வாப்பா. "வாசி."

"...கழுதை நீ. கடைசி வரைக்கும் பாயில இருந்தவள் நான். எனக்கு எழுத்துத் தெரியாதுண்டு உத்தியோகத்தருக்குச் சென்ன, அதப் பொறுத்தேன். இதப் பொறுக்க ஏலா. நீ பதில் எழுதுற மட்டும் உன்ட வாசல் மிதிக்க மாட்டேன்."

வாப்பா குடையை என் பக்கம் சரித்துப் பிடித்துக்கொண்டு மீதிப் படிகளை ஏறினார். அவர் தோள் ஒரு பக்கம் முழுக்க நனைந்தது. அந்த இருபது படியில் எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

மாமி கதவைப் பாதி திறந்தார். கோபத்தில் இளைத்திருந்தார். சலாம் சொன்னதற்குப் பதில் சலாம் சொன்னார். அடுத்தது, "பதில் எங்க?"

"செல்றதுக்குத்தான் வந்த ராத்தா."

"வாயால செல்றத எடுக்க மாட்டேன். எழுதித் தா. இல்லாட்டி உன்ட கம்பில குத்தி வெச்சிக்கொ."

"எந்தக் கம்பி?" வாப்பா சட்டத்தைத் திருப்பிக் காட்டினார். "எனக்கு உங்கட எழுத்து வாசிக்கத் தெரியா ராத்தா. என்டைக்கும் தெரியா. இஸ்முண்டு நெனச்சிட்டேன்."

மாமி தன் கடிதத்தைத் தங்க விளிம்புக்குள் பார்த்தார். அவர் முகத்தை இப்போதும் எனக்கு மறக்க முடியவில்லை. கண்ணாடியிலிருந்த தடங்களை அந்தக் கறுத்த விரலால் தொட்டார். "இதெல்லாம் என்ன?"

"முத்தம். கடைக்கு வந்த எல்லாரும்."

"என்ட கோபத்தையா?"

"நான் ஒவ்வொரு நாளும்" என்றார் வாப்பா.

மாமிக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. வாப்பாவும் அழுதார். கடைசியில் மாமி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மேலால பிஸ்மி எழுதித்தான் ஈக்கி. முத்தம் வீண்போகல்ல" என்றார். ஆனால் மாமி மாமிதான். உடனே கலத்தையும் மையையும் கொண்டுவந்து வாப்பாவின் முன்னால் வைத்தார். "உனக்குத் தெரிஞ்ச எழுத்துல எழுது."

வாப்பா பலகையில் குனிந்து, கடைக்காரத் தமிழில் ஒரே வரி எழுதிக் கொடுத்தார். மாமி வாங்கினார். நேராகப் பிடித்தார், பக்கவாட்டில் பிடித்தார், தலைகீழாகப் பிடித்தார். அந்த உத்தியோகத்தரைப் போலவே! அது ஞாபகம் வந்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமிக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

"இதுல என்ன ஈக்கி?" என்று தம்பியைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்.

நான் நடுவில் நின்றேன். அக்காவின் எழுத்து தம்பிக்குத் தெரியாது, தம்பியின் எழுத்து அக்காவுக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். வாங்கி வாசித்தேன். "மகள் திங்கட்கிழமை முதல் பள்ளிக்கூடம் போவாள்."

"சரியாத்தான் வாசிக்கிறியா? இன்னொருக்கா."

இன்னொரு தடவை வாசித்தேன். மூன்றாம் தடவை கேட்காமலே வாசித்தேன், கத்தி வாசித்தேன். வாப்பா சிரித்தார். மாமி கலத்தை என் கையில் கொடுத்து, கடதாசியைப் பின்பக்கம் திருப்பி, "இப்ப எனக்கு விளங்குற எழுத்துல எழுது" என்றார். மேலே பிஸ்மி போட்டு அதே வரியை எழுதினேன். அவசரத்தில் இரண்டு இடத்தில் மை பரவியது. மாமி வாசித்துப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு மழை விடும்வரைகூடக் காத்திருக்கவில்லை. இரண்டு மாதத்துக்குப் பிறகு நாற்பது படி இறங்கி வந்து எங்கள் வாசலை மிதித்தார். உம்மாவிடம் வாப்பா தன் இரகசியத்தைச் சொன்னபோது, உம்மா, "பதினாறு வருசமாத் தெரியும். கண்ணாடி எப்பவும் உங்கட சட்டைப் பையிலதானே ஈக்கி" என்றார்.

திங்கட்கிழமை ரிக்ஷா எங்கள் வாசலில் நின்றது. மீதி ஆறுகளையெல்லாம் அந்த வாரமே நீலத்தால் தீட்டி முடித்தேன்.

வாப்பாவுக்கு ஒரே ஒரு சங்கடம் மிஞ்சியது. கடைக்கு வருகிறவர்கள் இஸ்மு எங்கே என்று கேட்பார்கள். மாமி தன் கடிதத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து மடித்து அலுமாரியில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் என் கடதாசியைச் செருகினார். வாப்பாவின் தமிழ் சுவர்ப்பக்கம், என் எழுத்து வெளிப்பக்கம். "எழுதியாச்சி. இனி அவங்கட பாடு" என்றார்.

வாப்பா கடையை விற்கும்வரை, ஏறக்குறைய இருபது வருடம், அது அங்கேயே தொங்கியது. கம்பளையிலிருந்தும் ஹுன்னஸ்கிரியவிலிருந்தும் வந்த ஆண்கள், பெண்பிள்ளைகளை வாசற்படி தாண்ட விடாத ஆண்கள், ஒவ்வொருவராக அதைத் தொட்டு முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்: மகள் திங்கட்கிழமை முதல் பள்ளிக்கூடம் போவாள்.